ஏழாவது கேசட்டில் இல்லாத குரல்

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், பாயான் பாருவிலுள்ள எங்கள் அடுக்குமாடியின் இடதுபக்க லிஃப்ட் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் காலமானது. அன்னாரின் உடல் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே வைக்கப்பட்டுள்ளது.

இதை நான் எட்டாவது மாடிப் படிக்கட்டில் நின்று, செய்தி வாசிப்பவர் குரலில் முழங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"வாயை மூடுடா. வேலாயுதம் அங்கிள் போயிட்டாரு."

சொன்னவுடன் நான் வாயை மூடியது அதுவே முதல் தடவை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. வேலாயுதம் அவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "வானொலி நாடக நடிகர்" என்பார். அறிந்தவர்களுக்கு மிச்சமும் மனப்பாடம்.

"எத்தனை நாடகம் அங்கிள்?"

"ஒண்ணு."

"எத்தனை வசனம்?"

"ஒண்ணுதான்லா. ஆனா அது இல்லேன்னா கதையே நகராது."

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அவருடைய செருப்பை ஒளித்துவைத்துவிட்டு, நடைபாதையில் நின்று, "தலைப்புச் செய்திகள். எட்டாவது மாடியில் ஒரு ஜோடி செருப்பு மாயம்" என்று வாசித்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து என்னைவிடக் கம்பீரமான குரல் வந்தது: "சற்றுமுன் கிடைத்த செய்தி. செருப்பை எடுத்தவனின் பள்ளிப் பேருந்து புறப்பட்டுச் சென்றுவிட்டது." எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து கூட்டாளிகளானோம்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே பத்து கேசட்டுகள். பத்தும் ஒரே நாளின் ஒலிபரப்பு. அவருக்குக் கல்யாணமான புதிது. நாடகங்களைப் பதிந்துவைக்காமல் நேரடியாகவே ஒலிபரப்பிய காலம். துறைமுகத்திலிருந்து ஓடிவரும் ஆளாக அவருக்கு ஒரு வேடம் கிடைத்தது. வசனம், "முதலாளி, கப்பல் வந்துடுச்சு!" அவ்வளவுதான். அதற்காகத் தம் மனைவி தங்கம் ஆன்ட்டியிடம், "நான் பேசுற நாள் முழுசா வேணும். காலையில ஸ்டேஷன் திறக்குறதுலேர்ந்து மூடுற வரைக்கும் பிடிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆன்ட்டியும் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்காமல் வானொலிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஊரே பேசுது, நான் மட்டும் இல்ல" என்றார் அங்கிள். "ஏழாவது கேசட். என் வசனம் வர்ற நேரம் பார்த்து மகராசி கேசட்டைத் திருப்பிப் போட்டுட்டா."

"ஆமா, நான்தான்" என்றார் ஆன்ட்டி. "வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லியாச்சு. லிஃப்ட்லயும் எழுதி ஒட்டிடுங்க."

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கேசட் போட்டுக் கேட்கும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, எல்லாவற்றையும் கைப்பேசிக்கு மாற்ற ஆரம்பித்தேன். அரை நிமிடக் காணொளியையே பாதியில் தள்ளிவிடுகிறவன் நான். அந்த நாள் என்னை விடவில்லை. பாட்டு குறைவு, பேச்சுதான். காலையில் ஒருவர், நான் இப்போதுதான் பல் துலக்கினேன் என்று தெரிந்தவர்போல வணக்கம் சொன்னார். ஒரு டாக்டர் வயிற்றுப் பூச்சியைப் பற்றிக் கால் மணி நேரம் மனம்விட்டுப் பேசினார். ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண்மணி சர்க்கரை டப்பாவில் எறும்பு என்று கடிதம் எழுதியிருக்க, அறிவிப்பாளர் தன் வீட்டு டப்பாபோலப் பதறி வழி சொன்னார். அந்த எறும்புகள் போயினவா? எனக்கு இன்னும் தெரிந்தாக வேண்டும்.

ஏழாவது கேசட்டில் இன்னொரு சந்தேகம் வந்தது. முதல் பக்கத்தில் ஐந்து நிமிட டேப் வெறுமையாக மிச்சமிருந்தது. மற்ற கேசட்டுகளைக் கடைசி அங்குலம்வரை ஓடவிட்ட ஆன்ட்டி, இதை மட்டும் ஏன் முன்னதாகத் திருப்பினார்? அடுத்த பக்கம், "என்ன சொன்னாய்? கப்பல் வந்துவிட்டதா?" என்று கதாநாயகன் கத்துவதில் தொடங்கியது.

"அவளுக்கு எப்பவும் அவசரம்" என்றார் அங்கிள். ஆன்ட்டி பிஸ்கட் டின்னை மூடிவைத்தார்.

பிறகு அங்கிள் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். "அந்த வசனத்தை ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்டா" என்றார் ஒருநாள். என் திறமை உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் குரலில் பள்ளிக்கே அரைநாள் விடுமுறை அறிவித்தவன். குளியலறையில் நின்று அந்த வசனத்தைப் பேசிப் பதிந்தேன். அதே கேசட்டின் இரைச்சலை அடியில் ஓடவிட்டு, இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒட்டினேன். தைப்பிங்கில் ஒருவர் இதே நாடகத்தைப் பதிந்து வைத்திருந்தார் என்று கதையும் கட்டினேன்.

அங்கிள் கண்ணை மூடிக் கேட்டார். மூன்று தடவை போடச் சொன்னார்.

"நல்லாச் சொல்லியிருக்கான்ல, தங்கம்?" என்றார்.

ஆன்ட்டி அவசரமாக அடுப்படிக்குப் போய்விட்டார். நான் வெற்றிப் பெருமிதத்துடன் மாடி மாடியாக ஏறி இறங்கி, அங்கிளையே ஏமாற்றிவிட்டேன், அதுவும் நல்ல காரியத்துக்காக என்று சொல்லித் திரிந்தேன். "சொல்லியிருக்கேன்" என்று சொல்ல வேண்டியவர் "சொல்லியிருக்கான்" என்று சொன்னது என் காதில் விழவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஆன்ட்டியிடம், "அங்கிள் தன் குரலைக் கேட்டுட்டுத்தான் போனாரு, ஆன்ட்டி" என்றேன், ஆறுதலாக.

ஆன்ட்டி சிரித்துவிட்டார். "எந்தக் குரலைடா? அன்னைக்கு அவருக்கு வாயே திறக்கல. நான் வீட்டுல கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், சத்தமே இல்ல. அது பதிவாகிடக் கூடாதுன்னு, டேப்பு மிச்சம் இருக்கும்போதே பிடுங்கித் திருப்பிப் போட்டேன். இவரு வந்ததும், 'உங்க வசனம் போயிடுச்சுங்க, என் தப்புதான்'னேன். என்னையே ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம், 'அடடா, போச்சே'ன்னாரு. அவ்வளவுதான். சாகுற வரைக்கும் அதுதான் எங்க கதை."

வராத வசனத்தைக் கதாநாயகன் ஏன் தானே கத்திச் சொன்னான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீதான் நல்லாச் சொல்லுவியே. அவருக்காக அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லு" என்று ஆன்ட்டி என்னை அங்கிளின் படத்தின் முன்னால் நிறுத்தினார். எல்லா மாடிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடியெங்கும் பீற்றிக்கொண்டவன் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அங்கிள் ஏமாறவில்லை, நான்தான் ஏமாந்தேன். இன்னொன்றும் உண்டு. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாலையிலிருந்து ஒரு பூ விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்றே சொல், அதுவும் வரவில்லை.

பின்னாலிருந்து தங்கம் ஆன்ட்டியின் குரல்தான் கேட்டது.

"என்ன சொன்னே? கப்பல் வந்துடுச்சா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஏறிக்கொள்ளுங்கள், அங்கிள்.