செக்யூரிட்டி ரூமில் ஒரு கீபோர்டு

ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் எவ்வளவு நேரமாக அந்த லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. காலை ஷிஃப்ட் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டிஸ்பாட்ச்சிலிருந்து கூப்பிட்டார்கள். லேபிள் அடிக்கவில்லையாம். போய்ப் பார்த்தால் மதர்போர்டும் போயிருந்தது, ஹார்டு டிஸ்கும் போயிருந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லேபிள் ஒட்டாத பெட்டியை எந்தக் கார் கம்பெனியும் உள்ளே எடுக்காது. பாதி ஏற்றிய லாரிகள் அப்படியே நின்றன.

ஆரம்பத்தில் நான் பயப்படவில்லை. வாராவாரம் அந்தக் கம்ப்யூட்டர் முழுவதையும் அப்படியே நகலெடுத்து வேறொரு அறையில் சேமிக்கும் ஏற்பாடு இருந்தது. ஸ்டோரிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்தேன். விண்டோஸ்கூட இல்லாத வெறும் பெட்டி. பென்டிரைவை வைத்து அதை எழுப்பி பேக்கப்பைத் தேடியதில், போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகல் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கப் போனதும் திரை பாஸ்வேர்டு கேட்டது.

எனக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டு என்னை எடுத்திருந்தார்கள். போவதற்கு முன் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயரையும் முகம் சுளிக்காமல் காட்டிக்கொடுத்தார். இந்தப் பாஸ்வேர்டைச் சொல்ல அவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் போன பிறகும் அவர் ஏற்படுத்திய பேக்கப் ஞாயிறுதோறும் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பக்கத்தில் சேரப்பணஞ்சேரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். “நீங்களே பேசுங்கம்மா, நான் பேசினா நல்லாயிருக்காது” என்றார் மேனேஜர்.

“அண்ணே, நான் ஒரகடத்துல இருந்து பேசுதேன்.”

“சொல்லும்மா. இன்னா, லேபிள் சிஸ்டம் பூடுச்சா?”

“எப்படிண்ணே தெரியும்?”

“வேற எதுக்கு என்னைத் தேடப் போறாங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அது வாயால சொல்ல வராதும்மா. கை வெச்சாதான் வரும். இரு, வரேன்” என்றார்.

பைக்கில் வந்துவிட்டார். ஆனால் வேலையை விட்டுப் போனவர்கள் உள்ளே வர எச்.ஆர். அனுமதி வேண்டும். எச்.ஆர். மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. செக்யூரிட்டிக்கு அண்ணனை நன்றாகத் தெரியும். சங்கடப்பட்டுக்கொண்டே தன் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

என் மேஜையிலிருந்த கீபோர்டைக் கழற்றிக்கொண்டு வாசல் கேட்டுக்கு ஓடினேன். அவர் பயன்படுத்திய அதே கீபோர்டுதான். செக்யூரிட்டி ரூம் கம்ப்யூட்டரில் அதைச் செருகி, அடிக்கிற எழுத்து தெரியும்படி நோட்பேடைத் திறந்தோம். முதல் தடவை அடித்தது ஒன்று, மறுபடி அடித்தது வேறொன்று.

“யோசிச்சா வராது. நீ எதுனா பேசிக்கினு இரு” என்றார்.

ஹாஸ்டலில் தண்ணீர் வராததையும், ஊருக்குப் போக பஸ்ஸில் சீட்டே கிடைக்காததையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி, “பொங்கலுக்காவது போனியா?” என்று கேட்டார். கேட்கும்போதே விரல்கள் தடதடவென்று ஓடி நின்றன. “இதான்” என்றார். திரையில் இருந்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

உள்ளே ஓடி அதை அடித்ததும் பேக்கப் திறந்தது. வெறும் பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முடிந்து, அணைத்து மறுபடி போட்டதும் திரை முழுக்க நீலம். இன்டர்காமில் கேட்டுக்குப் பேசினேன்.

“போர்டு வேறல்ல? பழைய விண்டோஸுக்குப் புது போர்டைத் தெரியாது, அதான் முழிக்குது. நான் விட்டுட்டுப் போன பென்டிரைவுலயே டிரைவர் ஃபைல்லாம் போட்டு வெச்சுக்கீறேன், கீதான்னு பாரு.”

“இருக்குண்ணே.”

“அதை உள்ள ஏத்திட்டு மறுபடி போடு. லைன்லயே இருக்கேன்.”

இந்த முறை எழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே, ஓரத்தில் திறந்து கிடந்த ஜன்னல் உட்பட. வேறு உடம்புக்கு வந்திருப்பதே அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பிரிண்டர் லேபிளைத் தள்ளியதும் டிஸ்பாட்ச் பெண்கள் கைதட்டினார்கள். என்னைப் பார்த்துத் தட்டினார்கள். ரிசீவர் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

என்னோடு கேட்டுக்கு மேனேஜரும் வந்தார். “பர்மிஷன் வந்துடுச்சு, உள்ள வந்து ஒரு டீ சாப்பிட்டுப் போலாமே” என்றார்.

“பரவால்ல சார். வூட்டுக்காரி கடையில தனியா கீறா.” பிறகு என்னிடம், “பாஸ்வேர்டை மாத்திடும்மா. ஒரே ஆளுக்குத் தெரிஞ்ச மாதிரி வெக்காத” என்றார்.

தலையாட்டினேன். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் இருந்த வேலையில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் எதைச் சொன்னாலும் பொருத்தமாக இருந்திருக்காது.

பிறகு மேனேஜர், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அவருக்கு ஆள்விட்டார். அவர் வரவில்லை. நான் போனில் சந்தேகம் கேட்டால் மட்டும் பொறுமையாகச் சொல்லுவார். கடையில் கூட்டம் இருந்தால், “கொஞ்சம் இரும்மா” என்று போனை மேஜைமேல் வைத்துவிடுவார். யாருடைய போனுக்கோ விலை பேசுவது கேட்கும். நான் காத்திருப்பேன்.