அண்ணன் குரலும் அஞ்சு நட்சத்திர மொய்யும்

என் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று மலாக்கா ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று நான் அழவில்லை. கோபப்பட்டேன். எனக்கு எது நடந்தாலும் முதலில் வருவது கோபம்தான்; அழுகை அதற்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். "ஊர்ல இத்தன தொண்ட இருக்கு, இவரு தொண்டதானா கெடச்சுச்சு?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். பாவம், சின்ன வயதுச் சீனப் பெண். தமிழ் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அது அப்படிப்பட்ட தொண்டை. அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை ஏற்றிப் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் இறக்குவார், சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். ஹாரன் அடிக்கவே மாட்டார். ஜன்னலில் தலையை நீட்டி, "பசியாறியாச்சா? ஏறுங்க, ஏறுங்க!" என்று ஒரு சத்தம். செம்பனை மரங்களைத் தாண்டி லயத்து வீடுகள் வரை கேட்கும். காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பே பற்றவைத்தார்கள்.

குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. நான் பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். நிரல் எழுதத் தெரியும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதனால் அதையே செய்தேன். போனில் ஒரு ஆப். படம் படமாகப் பொத்தான்கள். தண்ணீர்க் குவளையைத் தொட்டால், "தண்ணி குடு" என்று அண்ணன் குரலிலேயே கேட்கும். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலைப் பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் பதிய முடியவில்லை. கோழி, மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு டிவி. கடைசியில் பஸ்ஸை ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தி, ஜன்னல்களை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். வேர்த்துக் கொட்டியது. அவரோ நாடகத்துக்கு வந்தவர் மாதிரி குஷியாக இருந்தார். "வலிக்குது" என்று சொல்லச் சொன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஐயோ, ஒழுங்கா சொல்லுங்கண்ணே!" என்று அதட்டி அதட்டிப் பதிந்தேன். "வேணாம்", "இரு வரேன்", "டிவி சத்தத்தக் கொற லா", பிறகு அவருடைய தேசிய கீதமான "பசியாறியாச்சா?"

கடைசியாக அண்ணியைக் கூப்பிடும் பொத்தான். அண்ணன் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இந்தாம்மா" என்பார். கேட் திறக்கும்போதே தொடங்கி, செருப்பைக் கழற்றி முடிக்கும்வரை இழுப்பார். அதைப் பதிய வேண்டும் என்றதும் மனுஷனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "நீ கொஞ்சம் கீழ எறங்கி நில்லு பாப்பா," என்றார். நாற்பது வயதைத் தாண்டியும் அந்த வீட்டில் நான் பாப்பாதான். மரத்தடியில் நின்று தனியாகச் சிரித்தேன். அவர் உள்ளே என்ன பாவனையில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் தொட்டது அந்தப் பொத்தானைத்தான். "இந்தாம்மாஆஆ..." அண்ணி பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து, போனைப் பார்த்து, அவரைப் பார்த்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் எழுதிய நிரல்களிலேயே அதுதான் உருப்படியானது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளினிக்கில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செர்காம் ஊர் மக்சிக், அதாவது மலாய்ப் பெரியம்மா, மீன்பிடிக்கிற தன் கணவருக்கும் இது வேண்டும் என்றார். வேறு சிலரும் கேட்டார்கள். சரி, எல்லாருக்கும் போகட்டும் என்று ஆப் கடையில் உருவாக்குநர் கணக்குத் திறந்து, இலவசமாக வெளியிட்டேன். பதிந்த குரல்கள் எல்லாம் அதே கணக்கின் சேமிப்பில் போய் உட்கார்ந்தன. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். எடுத்து வைத்திருந்தேன், அதே கணக்கில்தான்.

ஆனால் தேடினால் ஆப் கண்ணில் படவில்லை. எங்கோ அடியில் கிடந்தது. "நட்சத்திரம் நெறைய விழுந்தாதான் மேல வரும் அண்ணி," என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அதைச் சொன்னது தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம்.

அன்னதான மண்டபத்தின் வாசலில் அண்ணி பட்டுப்புடவையோடு நின்றுகொண்டார். வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிற கையாலேயே போனை வாங்கினார். "எங்க வீட்டு ஆப்பு. அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டு சாப்பிடப் போங்க." எங்கள் ஆட்களுக்கு அது புரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான்: மொய். ஒரு வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டு மொய் வைக்காமல் போவது எப்படி? கோயில் மண்டபத்து இணையத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நட்சத்திரம் போட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு அண்ணி ஒரு வாசகத்தை அனுப்பிவைத்தார், அதையே எல்லாரும் ஒட்டினார்கள்: "மிக அருமை. நீடூழி வாழ்க." கூடவே பூ, கும்பிடும் கை. ஒரு அக்கா தன் போனில் தயாராக இருந்த கல்யாண வாழ்த்தையே போட்டுவிட்டார். என் ஆப் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டுமாம்.

அந்தச் சாயங்காலம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் அண்ணனுடைய பஸ்ஸில் ஏறியவர்கள். அவர் பேசவே முடியாமல் பந்தியில் சாம்பார் வாளியோடு நடந்தார். ஒவ்வொருவரும் போனைத் தூக்கிக் காட்டி, "போட்டாச்சு!" என்றார்கள்.

சில நாள் கழித்துத் தொழிற்சாலை கேன்டீனில் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. கொள்கை மீறலுக்காக என் கணக்கு நிறுத்தப்பட்டதாம். எந்தக் கொள்கை, என்ன மீறல், ஒன்றும் இல்லை. பாதுகாப்புக் காரணங்களால் விவரம் தர இயலாதாம். மேல்முறையீடு எழுதினேன். பதில் உடனே வந்தது. ஒரு மனிதன் வாசித்திருக்கவே முடியாத வேகம். பரிசீலித்துவிட்டார்களாம், முடிவு இறுதியானதாம், என் பொறுமைக்கு நன்றியாம். எனக்கு ஏது பொறுமை? இல்லாத ஒன்றுக்கு எதற்கு நன்றி? கரண்டியை நான் வீசிய வீச்சில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் திண்டாடிக்கொண்டிருந்தார். போனில் படங்கள் இருந்தன. தொட்டால் சத்தம் இல்லை. சேவை கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அவர் அண்ணியின் பொத்தானை அழுத்தி, துடைத்துவிட்டு, மறுபடி அழுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவை அவர் குரல் போனபோது டாக்டர் எங்களை உட்கார வைத்து, படம் வரைந்து, ஏன் என்று சொன்னார். இந்தத் தடவை ஏன் என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் மடியில் தலை வைத்து அழுதேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி மட்டும் அசரவில்லை. "ஆபீஸ் எங்க இருக்கு பாப்பா? ஜாசின்லயா, மலாக்காவுலயா? கொஞ்சம் பழம் வாங்கிட்டு நேர்ல போயி பேசுவோம் லா."

"ஆபீஸ் இல்ல அண்ணி. நமக்குன்னு ஒரு கவுன்டர் எங்கயும் இல்ல."

"கவுன்டர் இல்லாத கம்பெனியா? அப்ப சனங்க யாருகிட்ட அழுவாங்க?"

கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். மேலும் மேலும் எழுதினேன், அதே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது.

காரணம் சொல்லாத தண்டனைக்கு ஒரு குணம் உண்டு. ஆளாளுக்குத் தன்னிடம் குற்றம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அண்ணன் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார்: "பந்து விளையாட்டு பாக்கும்போது அழுத்துறதுக்கு ஒரு கெட்ட வார்த்தை பதிஞ்சு வச்சேன். அதனாலயா?" இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அண்ணி அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நான்தானே வாசல்ல நின்னு எல்லாரையும் போட வச்சேன்?" என்று கேட்டார். எனக்குள்ளும் அதே சந்தேகம்தான். ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே வாசகம். ஊரின் பாசம் அந்த இயந்திரத்துக்குத் திருட்டுத்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு உறுதியாக என்ன தெரியும்? "தெரியாது அண்ணி," என்றேன். அது உண்மையும்கூட. அந்த விஷயத்தில் மட்டும் கம்பெனிக்காரன் வாயைத் திறக்காதது நல்லதாகப் போயிற்று.

அடுத்து வந்தவர் ஜாகா மாமா. தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷக்கணக்காக அண்ணன் பஸ்ஸில் முதல் சீட்டில் தூங்கிக்கொண்டே போனவர். கை நிறைய ரம்புத்தான் கொத்தோடு வந்து, உட்காராமல் நின்றார்.

"என்ன மன்னிச்சிரு பாப்பா. எல்லாரும் அஞ்சு அமுக்குனாங்க. நான் ஒண்ணுதான் அமுக்குனேன். ஒண்ணாம் நம்பர்தானே பெஸ்ட்டு? பேத்தி இப்பதான் சொல்றா, அது ஆக மட்டமாமே. என்னாலதான் மூடிட்டானுங்களா?"

நான் சிரித்தேன். அண்ணனுக்கும் தோள் குலுங்கியது. சத்தம் வராத அவருடைய புதுச் சிரிப்பு அது. "உங்களோடது ஒண்ணுதான் மாமா நேர்மையா விழுந்த ஓட்டு," என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் ஆறுதலாக உட்கார்ந்தார்.

"நான் அவனுக்குக் கெடுதல் நெனைப்பனா? இந்தா பாரு, அவன் அனுப்புனது எல்லாம் இன்னும் வச்சிருக்கேன்," என்று போனை எடுத்துத் தடவினார்.

"மாமா, டயர் பஞ்சர் லா! கொஞ்சம் லேட்டாவும். நின்னுக்கிட்டே தூங்கிடாதீங்க!"

அண்ணனின் குரல். வீடு முழுக்க. அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்குத் தட்டச்சு செய்யப் பிடிக்காது. பஸ்ஸில் வருகிறவர்களின் போன் குழுவுக்கு எல்லாமே குரல் பதிவுதான் அனுப்புவார். இத்தனை நாள் அது என் மண்டைக்கு எட்டவில்லையே! அன்றே குழுவில் எழுதினேன். யார் யாரிடமிருந்தோ வந்து குவிந்தது. போனை மாற்றாமல் வைத்திருந்த அக்காமார்கள் வரிந்து கட்டிக்கொண்டு தேடினார்கள். "மழ வருது, கொட எடுத்துக்க." "இரு வரேன்." "பசியாறியாச்சா?" மட்டும் எத்தனை விதம்! வெட்டி, ஒட்டி, புது ஆப் செய்தேன். இந்தத் தடவை எந்தக் கடைக்கும் போகவில்லை. நேராக அவர் போனிலேயே ஏற்றினேன், குரலும் அங்கேயே இருக்கும். செர்காம் மக்சிக் கணவரின் பழைய குரல் பதிவுகள் இருந்த போனோடு வந்தார், அவருக்கும் ஏற்றிக் கொடுத்தேன்.

எல்லாம் கிடைத்தது. "இந்தாம்மா" மட்டும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அது வீட்டுக்குள் சொல்கிற சொல். பஸ் குழுவில் யாரைப் பார்த்துச் சொல்லியிருப்பார்? அண்ணியின் போனிலும் இல்லை. அண்ணிக்கு அவர் பதிவு அனுப்பியதே இல்லை, கேட் பக்கத்தில் வந்து கூப்பிடுவதுதான் வழக்கம். "பரவால்ல பாப்பா. மேசயத் தட்டுனா வந்துட்டுப் போறேன்," என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அவசரமாகக் குழம்பைக் கிளறினார்.

என்னால் பரவாயில்லை என்று விட முடியவில்லை. ஜாகா மாமாவிடம் போனை வாங்கிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாமி படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே அண்ணன் அங்கங்கே இருந்தார். டயர், மழை, ஓவர்டைம். பிறகு ஒன்று, வீட்டிலிருந்து அனுப்பியது. "மாமா, நாளைக்கு லீவு, பஸ் வராது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், போனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறார்: "இந்தாம்மாஆ, அடுப்ப அணச்சியா?"

தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவில், அண்ணியின் குரல்: "அணச்சிட்டேங்க!"

கூப்பிடும் சொல்லை மட்டும் தனியாக வெட்டப் பார்த்தேன். அண்ணி விடவில்லை. "அவரு கேட்டது முழுசா இருக்கட்டும். என்னோடத மட்டும் எடுத்துரு. நான்தான் இருக்கேனே, நானே சொல்லிக்கிறேன்."

அப்படியே வைத்தேன். கணக்கு ஏன் போனது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவ்வப்போது இன்னும் எழுதிக் கேட்கிறேன், விடுவேனா?

அண்ணன் இப்போது தண்ணீருக்கும், மாத்திரைக்கும், சும்மா பக்கத்தில் உட்காரச் சொல்வதற்கும் அந்த ஒரே பொத்தானைத்தான் அழுத்துகிறார். இந்தாம்மா, அடுப்ப அணச்சியா? அடுப்பு எரியாத நடுப்பகலிலும், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும், அண்ணி இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டுச் சொல்கிறார், "அணச்சிட்டேங்க, வரேன்."