பகலில் கேட்ட கேள்வி

எங்கள் முதல் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டது. அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணவருக்கு சிக்னல் வேலை.

குழந்தையை அடக்கம் செய்த பிறகுதான் அந்தக் கனவு தொடங்கியது. எங்கேயோ மழை கொட்டும். முகம் தெரியாத ஒரு பெண் என் எதிரே நின்று, "பால் இருக்கா?" என்று கேட்பாள். பதில் சொல்ல வாய் வராது. விழித்துப் பார்த்தால் ரவிக்கை பாலில் நனைந்திருக்கும்.

ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைதான் பசித்து அலைகிறது, தாயத்துக் கட்டிக்கொள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் எங்கள் சபைதான். கணவர் சிரித்தார். உடம்பு தேறாததால் வரும் கனவு, அவ்வளவுதான் என்றார். எனக்கோ கண்ணை மூடவே பயம். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. தேவன் கனவில் பேசியதாக வேதத்தில் இருக்கிறது, அதற்காக நாம் காண்பதெல்லாம் அவர் பேச்சாகிவிடாது, துக்கமும் கனவாக வரும் என்றார். பிள்ளை எங்கும் அலையவில்லை, தேவனுடைய கையில் இருக்கிறது என்று அழுத்திச் சொன்னார். பிறகு, "இந்தக் கனவு உங்களை எங்கே கொண்டுபோய் விடுது அம்மா?" என்று கேட்டார்.

"பயத்துலதான் ஐயா."

"அப்ப அதைத் துரத்திக்கிட்டுப் போகாதீங்க. தேவன் ஏதாவது சொல்லணும்னா பகல்லயும் சொல்லுவார்."

தாயத்துக் கட்டவில்லை. உடம்பு தேறட்டும் என்று கிள்ளானில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். பால் வற்ற அக்கா மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிட்டாள். வற்றவில்லை.

என்னைக் கூட்டிப்போகக் கணவர் வந்திருந்தார். நல்ல உச்சிவெயில். கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி புறப்படக் காத்திருந்தது. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு ரப்பர் தோட்டத்து ஆள், தோள்துண்டில் பச்சைக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு, பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். குழந்தை அழக்கூட தெம்பில்லாமல் முனகியது. எங்கள் ஜன்னலருகே வந்து நின்றார்.

"தாயி, பால் இருக்கா?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கனவை அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் பயம் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். இரண்டு கைகளையும் நீட்டினேன்.

பெட்டியில் இருந்த ஒரு மலாய்க்காரப் பெண் தோளில் போட்டிருந்த சேலேந்தாங் சால்வையை விரித்து எங்களை மறைத்துப் பிடித்தாள். குழந்தை வாய் வைத்துக் குடித்தது. பெண் குழந்தை. அந்த ஆளும் எங்கள் பெட்டியில் ஏறிக்கொள்ள, வண்டி புறப்பட்டது.

குழந்தையின் அப்பாவுக்குக் கிள்ளானைத் தாண்டி மேரு பக்கம் தோட்டத்தில் வேலை. மனைவி காய்ச்சலில் முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். கோலாலம்பூரில் பங்காளி வீட்டில் பிள்ளையை விடலாம் என்று வந்திருக்கிறார். அந்த வீட்டில் பால் கொடுப்பவர் யாராவது உண்டா என்று கணவர் கேட்டார். இல்லை என்றார். "பால்குடி மறக்குறவரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்" என்று கணவரே சொல்லிவிட்டார்.

போதகரிடம் போய், அந்தக் கனவு தேவனிடமிருந்து வந்ததுதானா என்று கேட்டேன். கனவில் கேட்டது பெண், இங்கே ஆண். அங்கே மழை, இங்கே வெயில் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கனவைப் பத்தி எனக்குத் தெரியல அம்மா. நீங்க கை நீட்டினீங்களே, அது அவர்கிட்ட இருந்து வந்தது. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

அதன்பின் எத்தனையோ கனவுகள் வந்தன. பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை. அம்மா இறந்தபோது ஒரு கனவும் வரவில்லை. ஆகவே யார் கனவுக்கும் நான் அர்த்தம் சொல்வதில்லை.

ஞாயிறுதோறும் பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா, அது நன்றாக நடக்கத் தொடங்கியதும் கூட்டிப்போக வந்தார். நான் அழுதுகொண்டே சட்டை மாட்டிவிட்டேன். ஸ்டேஷன்வரை வழியனுப்பப் போன கணவர் ராத்திரிதான் திரும்பினார். பிள்ளை தன் தோளில் தூங்கிவிட்டது, எழுப்ப மனம் வரவில்லை என்று, மேருவரை அவரே தூக்கிப் போயிருக்கிறார்.