கிராப்புக்காரரின் மாத்திரை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர் தன் தலையைப் பார்க்காமல் நாளைக் கழிக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடியில் தன் முகம். நாற்பத்தைந்து தாண்டியதும் உச்சியில் முடி கொட்டத் தொடங்கியது. அடர்ந்த தலைமுடிக்காக எல்லோரும் ‘கிராப்பு’ என்று கூப்பிடுகிற மனிதருக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி. மருந்துக்கடையில் குசுகுசுத்து ஒரு மாத்திரை வாங்கினார். அதைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, மனைவிக்குத் தெரியாமல் வருஷக்கணக்காக விழுங்கினார். முடி கொட்டுவது நின்றது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு சிறுநீர் போவதில் தொந்தரவு வந்தது. டாக்டர் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பதாகச் சொல்லி, ரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்கச் சொன்னார். அந்தச் சுரப்பியின் செல்கள் சுரக்கிற புரதம் அது. அளவு ஏறினால் புற்றுநோயோ என்று சந்தேகப்பட வேண்டும்.

“வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“சத்து மாத்திரைதான் டாக்டர்.”

எண் அளவுக்குள்தான் இருந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. வீட்டில் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

இந்த வருஷம் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் அளவைத் தாண்டவில்லை. ஆனால் விரலால் சோதித்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

“கெட்டியாத் தட்டுப்படுது. இந்த எண் அதோட ஒத்துப்போகல. முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“இவரா? எங்க மாமனார் வழி முடி டாக்டர். எழுபது வயசுலயும் அவருக்குச் சீப்பு உடையும்,” என்று பக்கத்தில் இருந்த மனைவி பெருமையடித்தாள்.

கிராப்பு மனைவியைப் பார்த்தார். அவள் சொன்னதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடலாம். உயிரா, இவள் முன்னால் மானமா? வெட்கங்கெட்ட மனசு அப்போதும் யோசித்தது.

“சாப்பிடுறேன்,” என்றார். “ரொம்ப வருஷமா.”

டாக்டர் பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் இரட்டிப்பாக்கி எழுதினார். அந்த மாத்திரை ஆண் ஹார்மோனின் வீரியத்தைக் குறைக்கும். ரத்தத்தில் அந்தப் புரதமும் பாதியாகிவிடும் என்றார். ஆனால் உள்ளே நோய் இருந்தால் அந்த நோய் பாதியாகிவிடாது.

“அப்போ போன வருஷமே தெரிஞ்சிருக்குமா?” மனைவி கேட்டாள்.

“தெரிஞ்சிருக்கலாம்மா. சதையெடுத்துப் பரிசோதனை பண்ணணும். தள்ளிப்போட வேண்டாம்.”

வெளியே வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாலு முடி கொட்டினா நான் உங்கள விட்டுட்டுப் போயிடுவேன்னா நெனச்சீங்க? இப்போ நீங்க என்னை விட்டுட்டுப் போனா நான் என்னங்க பண்ணுவேன்?”