முன்கூட்டி மாஸ்டர்

எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய தெருவில், என்னை இப்போது "முன்கூட்டி மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். தையல்காரனை மாஸ்டர் என்பது கொழும்பு வழக்கம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கிழிந்த காற்சட்டையோடு நிற்கிறவன் யாரையும் மாஸ்டர் என்றுதான் சொல்வான். முன்னால் ஒட்டிக்கொண்ட மற்றச் சொல்லுக்குத்தான் காரணம் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றாலும் சரிதான். வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டு, நீளம் குறைப்பது, இடுப்பைச் சிறிதாக்குவது, சிப் மாற்றுவது என்று இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல தொழில் இல்லை. காற்சட்டையின் அடியில் ஊசி குத்துகிறவன் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மனிதர்களை எனக்குக் காலால்தான் தெரியும். கிருலப்பனையிலிருந்து வருகிற பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதுச் சப்பாத்து போட்டு வந்த நாளில், புது ஆள் என்று நினைத்து அவரிடம் பெயர் கேட்டிருக்கிறேன்.

குடியிருப்பது கொட்டாஞ்சேனையில், தனியாக. எதிர்வீட்டு அக்கா இடியப்பம் அவித்து விற்பவர். விடிந்ததும் தன் வாசலைக் கூட்டி முடித்துவிட்டு, விளக்குமாற்றோடு இந்தப் பக்கம் வந்து என் வாசலையும் கூட்டுவார். "தனி ஆம்பிளையின்ர வாசல், பார்க்கச் சகிக்கேல்லை" என்பார். நான் வேலைக்குப் புறப்படும் நேரமும் அதுதான். "தம்பி, காலைத் தூக்குங்கோ." பதினைந்து வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி இதுதான். அதில் என் பங்கு காலைத் தூக்குவது.

அக்காவின் கணவன் சிறையில் இருந்தான். அதே வீட்டுச் சமையல் குசினியில் அவரைக் கத்தியால் வெட்டியதற்காக. அன்றைக்கு ஒழுங்கையே திரண்டு அவனைப் பிடித்துக் கொடுத்தது. நானும் திரண்டேன், கடைசி ஆளாக. தண்டனை முடிய இன்னும் சில வருடம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் ஒரு பின்னேரம், இடது காலில் சின்னவிரல் இல்லாத ஒரு பாதம் என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றது. துறைமுக வேலையில் போன விரல். எனக்கு அந்தப் பாதத்தைத் தெரியும்.

"மாஸ்டர், இடுப்பை நாலு விரல் குறைக்கோணும். மெலிஞ்சிட்டன்."

நான் நிமிரவில்லை. "எப்ப வேணும்?" என்று கேட்டேன். இவ்வளவுதான் கேட்டேன். தைத்துக் கொடுத்தேன். நன்றாகவே தைத்தேன்.

அன்று பஸ்ஸில் ஒரு வசனத்தைத் தயார் செய்தேன். 'அக்கா, அவர் வெளியால வந்திட்டார்.' நாலே சொல். புறக்கோட்டையில் பஸ் மாறும்வரை, 'அவர்' என்பதா 'அவன்' என்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை அக்கா வந்து "தம்பி, காலைத் தூக்குங்கோ" என்றார். தூக்கினேன். அவர் கூட்டினார். வசனத்தை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். இப்படி ஒன்பது நாள். என்னிடம் ஒரு நியாயமும் இருந்தது. வெளியே விட்டவர்கள் படித்தவர்கள், அக்காவுக்கு ஒரு கடிதமாவது போட்டிருப்பார்கள், அவர்கள் சொல்லாததையா ஐந்தாம் வகுப்புக்காரன் சொல்லப்போகிறேன்?

பத்தாம் நாள் காலை அவன் வந்தான். அக்கா கூட்டிவிட்ட என் வாசலைத் தாண்டிப் புறப்பட்ட நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். இந்த முறை அக்கா தப்பவில்லை.

செத்த வீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டியவர் முச்சக்கரவண்டி ஓட்டும் சிங்களவர். ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டினார், கட்டும்போதே அழுதார். மூலைக்கடை முஸ்லிம் நானா மூன்று நாள் கடை திறக்கவில்லை. பெருநாளுக்குக்கூட அரைக் கதவு திறந்து வைக்கிறவர். அழுகை ஓய்ந்த இடத்தில் கோபம் வந்தது. "எப்பிடி விட்டவங்கள்? ஏன் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" யார் இதைக் கேட்டாலும் நான் கேட்டவரின் கால்களைப் பார்த்தேன்.

அக்காவின் மகள் பொரளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவள் அரசாங்கத்துக்கு ஒரு மகஜர், கோரிக்கை மனு, எழுதினாள். தண்டனை முடியுமுன் ஒருவரை விடுவதென்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும், வெளியே வந்தவரை ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அதை வாசித்துக் கையெழுத்து வாங்கக் கோயில் மண்டபத்தில் கூடினோம்.

வழக்கம்போலக் கடைசி வரிசை மூலையில் இருந்தேன். மைக் வயர் எட்டவில்லை என்று மேசையைப் பின்பக்கம் கொண்டுவந்தார்கள். எல்லோரும் எழுந்து கதிரையைத் திருப்பினோம். நான் முதல் வரிசைக்காரனாகிவிட்டேன். மகள் முதலில் சிங்களத்தில் வாசித்தாள், தடுமாறாமல். தமிழ் வந்ததும் குரல் போய்விட்டது. அருகில் கிடந்த கைக்குள் காகிதத்தைத் திணித்தாள். அது என் கை.

"மாமா, நீங்க வாசியுங்கோ."

வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் துணியில் ஊசி ஏற்றுவதுபோல. ஒரு வரியின் கடைசியில் 'முன்' என்று இருந்தது. அடுத்த வரி 'கூட்டிய விடுதலை' என்று தொடங்கியது. எங்களுக்குக் கூட்டுவது என்றால் விளக்குமாற்றால் கூட்டுவதுதான். எதற்கு முன்னால் கூட்டியது? மகள் தாயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பவும் வாசித்தேன், மைக்கில். "முன்... வாசல் முன்... கூட்டிய..."

"என்ன மாஸ்டர்," என்றார் நானா, "மகஜர் வாசிக்கிறீங்களா, ரோட்டக் கூட்டுறீங்களா?"

சிரிப்பு வெடித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை சிரித்தது. மகளும் சிரித்தாள். "அம்மா இருந்தா இப்ப உங்களைக் காலைத் தூக்கச் சொல்லியிருப்பா, மாமா" என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

நானா மெதுவாகச் சொன்னார். "அது ஒரே சொல்லு மாஸ்டர். முன்கூட்டி. நேரத்தோட எண்டு அர்த்தம்."

சரி என்று தொடர்ந்தேன். அடுத்த வசனம்: 'இவர் விடுவிக்கப்பட்டதை எமக்கு எவரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை.' கண்ணால் ஒருமுறை வாசித்தேன். இப்போது அந்தச் சொல் எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

"இது பிழை" என்றேன். மைக் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோனது.

"யா அல்லாஹ், அஞ்சாம் வகுப்பு பிழை திருத்துது!" என்றார் நானா. மறுபடி சிரித்தார்கள்.

மகள் பேனையோடு வந்து குனிந்தாள். "எங்க மாமா? எந்த எழுத்து?"

மைக்கைக் கையால் பொத்தினேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். "எனக்குத் தெரியும், பிள்ளை. அவர் கடைக்கு வந்தவர். காற்சட்டை தைக்க. அது நடக்க ஒன்பது நாளுக்கு முதலே. நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை." இவ்வளவு நாளும் யோசித்தும் கடைசியில் வாயில் வந்தது 'அவர்'தான்.

முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்குத் தாயின் கண்கள் என்பதை அவ்வளவு வருடத்தில் அன்றுதான் கண்டேன். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அவள் காகிதத்தை என் முழங்காலில் வைத்தே, 'எவரும்' என்பதற்கு முன்னால் 'அதிகாரிகள்' என்று எழுதினாள். பேனை காகிதத்தைத் துளைத்து என் துணியில் இறங்கியது.

"இப்ப சரியா?"

"ஓம்."

"அப்ப வாசியுங்கோ."

மாமா என்று சொல்லவில்லை. வாசித்தேன். அதிகாரிகள் எவரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. அது உண்மை. மிச்சமும் உண்மைதான், ஆனால் அதை மகஜரில் போட முடியாது.

மகஜர் போனது. கிடைத்தது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. மகள் இரண்டாவது மகஜர் எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பெயர் மிஞ்சியது. நானா கடையில் தேங்காய் வாங்கப் போனாலும் "வாங்க, முன்கூட்டி மாஸ்டர்!" என்கிறார். நானும் சிரிக்கிறேன். அந்தப் பெயரின் முழு அர்த்தம் தெரிந்த ஆள் ஒழுங்கையில் ஒருத்திதான். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேறெதுவும் சொல்லியும் கூப்பிட்டதில்லை.

இப்போது காலையில் இரண்டு வாசலையும் நான்தான் கூட்டுகிறேன். தைக்கிறவன் கூட்டினால் எப்படி இருக்கும்? நேர்கோட்டில் கூட்டுகிறேன், மூலைகளை விட்டுவிடுகிறேன். மகள் வேலைக்குப் போகும்போது என்னைக் கடந்து போவாள். அவள் செருப்பைப் பார்ப்பேன். போன கிழமை அந்தச் செருப்பு நின்றது.

"அந்த மூலையில குப்பை கிடக்கு" என்றாள். "அம்மா இப்பிடிக் கூட்டமாட்டா."

நிமிர்ந்து, "எந்த மூலை?" என்று கேட்டேன். கையால் காட்டினாள். போய்க் கூட்டினேன்.