பின்லயத்தைப் பார்த்த அக்கா

அமெரிக்காவில் ஏதோ ஒரு சோளக்காட்டு ஊரில் பிறந்தவர் இவர்களுக்கு எப்படி அக்காவானார் என்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் சிலர் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளியுங்கள். என் தாயாரை "அம்மா" என்று வாய் நிறைய அழைத்து, ரிங்லெட் ஊரில் எங்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவரை நான் வேறு எப்படிச் சொல்வேன்?

இளமையிலேயே தந்தையை இழந்த அக்கா, தட்டச்சு வேலை பார்த்துப் படித்தார். பிறகு ஊர் ஊராகச் சுற்றி, பயணக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுத வந்தார். வெள்ளைக்காரி வருகிறாள் என்றதும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி, தொழிலாளர் வரிசை வீடுகளில் முன்லயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, ரோஜாத் தொட்டி வைத்து, பின்லயத்தில் குடியிருந்த எங்களையும் குளித்துவிட்டு அங்கே வந்து நிற்கச் சொன்னார்.

எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிய அக்கா, கடைசியில் கக்கூஸ் எங்கே என்று கேட்டார். கிராணிக்கு முகம் செத்துப்போனது. துரையின் பங்களாவுக்கே போய்விடலாம் என்று குழைந்தார்.

"அவசரத்துக்கு பங்களா வரைக்குமா போவாங்க? நீ வாம்மா!" என்று அம்மா அவர் கையைப் பிடித்துப் பின்லயத்துக்கு இழுத்துப்போனார்.

துக்க மலரில் இதெல்லாம் வேண்டாம் என்கிறார் என் தம்பி. எழுதத்தான் போகிறேன். கதவில்லை, தண்ணீரில்லை, கால் வைக்கும் இடமெல்லாம் புழு. அது வழிந்து கலக்கும் ஓடையில்தான் நாங்கள் குடிக்க மொண்டோம். அக்கா குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்தார். பிறகு பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பினார்.

பத்திரிகைக்காரர்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு, பனியையும் பச்சை மலையையும் மட்டும் அச்சடித்தார்கள். அக்கா அந்த இதழின்மேல் காறித் துப்பினார். இனி மலையழகை எழுத மாட்டேன் என்றார், வருமானம் போயிற்று. நாங்கள் ரிங்லெட்டுக்குக் குடிவந்தபோது எங்களோடு வந்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பின்லயத்தைப் பற்றி மறுபடி மறுபடி எழுதினார். போட ஆளில்லை.

தானா ராத்தா மருத்துவமனையில் மூச்சு வாங்கியபடி அக்கா கடைசியாகக் கேட்டது, "அங்க தண்ணி வந்துருச்சா?" என்பதுதான். பொய் சொல்லாமல், "இன்னும் வரலக்கா" என்றேன்.

காரியத்தன்று தோட்டத்து மாலையோடு வந்தார் அதே கிராணி. "மலர்ல அவங்க படத்துக்குக் கீழே, மலையோட அழகை உலகத்துக்குச் சொன்னவங்கன்னு போடுங்கலா. தோட்டத்துக்கும் பேரு" என்றார். சீ!

அக்காவைக் கவனித்த தாதியருக்கும், நீராட்டிய பெண்களுக்கும், லோரி தந்த திரிங்காப் காய்கறித் தோட்டக்காரருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வரி போடச் சொல்கிறார் கிராணி. பின்லயத்துக்குக் குழாய் வரட்டும், போடுகிறேன்.