உயிரோடிருக்கும் ஜீப்பு

எங்கள் வீட்டில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறதாம். அதனால் அம்மாவுக்கு அரசு உதவித்தொகை கிடையாது. அப்படி வந்த குறுஞ்செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். பழுது பார்க்கக் காசில்லை என்பதால் விட்டேன்.

வாகனம் உண்மைதான். அப்பாவின் ஜீப்பு. போடிமெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போன பழைய வண்டி. போன வருட மழையில் கொண்டை ஊசி வளைவில் அப்பாவோடு சேர்ந்து உருண்டது. அப்பாவை மட்டும் மேலே தூக்கி வந்து எரித்தோம். ஜீப்பு இன்னும் பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை.

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சரிவில் நின்று காய் எடுக்க முடியவில்லை. அந்தப் பணம் வந்தால் மலைக்குப் போவதை விட்டுவிடலாம் என்று இருந்தாள்.

தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். "நான் என்ன செய்ய ஆத்தா? கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது. அதுக்கு வேண்டியவுக, வேண்டாதவுகன்னு கிடையாது."

"அவரு செத்த மறுமாசமே ரேசன்ல அரிசியக் கொறச்சிட்டீக. அதே கம்ப்யூட்டருதானய்யா? மனுசன் செத்தது வெரசா தெரிஞ்சுச்சு, ஜீப்பு செத்தது தெரியலயா?" என்று கேட்டாள் அம்மா.

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடை முதலாளியின் அண்ணிக்கு அந்தப் பணம் மாதாமாதம் வருகிறது. கார் இருப்பது கம்பெனி பேரில், வீடு மகன் பேரில். கணக்குப்படி அந்த அம்மாள் பரம ஏழை. கடைக்குக் காரில் வந்து இறங்கும்போது எனக்கு வயிறு எரியும். நான்கு சக்கரம் என்றால் சொகுசு என்று எழுதிக் கொடுத்த மகராசன் ஒருநாளாவது தோட்டத்து ஜீப்பில் நசுங்கிப் போயிருப்பானா? எவனோ ஒருவனுடைய அறியாமையை மெஷினுக்குள் போட்டுவிட்டு, அதற்கு நியாயம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

மறுபடி போனபோது அந்தப் பையனே ஒரு வழி சொன்னான். "ஜீப்ப மொதல்ல ஒங்க பேருக்கு மாத்துங்க. பெறகுதான் பதிவ ரத்து பண்ண முடியும்." அம்மா பேருக்கு மாற்றினோம். அது சட்டென்று நடந்தது. ரத்து மட்டும் பரிசீலனையில் கிடக்கிறது. இதற்கிடையில் அம்மாவின் புது மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. முன்பு குடும்பத்தில் வாகனம் என்றது, இப்போது மனுதாரரே வாகன உரிமையாளர் என்றது.

விடியற்காலையில் அவள் தோட்டத்துக்குக் கிளம்பி நின்றபோது அதைப் படித்துச் சொன்னேன். அதற்குள் வேறொருவரின் ஜீப்பு வந்து ஆரன் அடித்தது. "வெரசா ஏறு ஆத்தா, லோடு ஆயிருச்சு!"

"ஓனரம்மா வர்றேன்டா, தள்ளி ஒக்காருங்க" என்றாள் அம்மா.

உள்ளே சிரித்தார்கள். யாரும் தள்ளி உட்காரவில்லை, இடம் இருந்தால்தானே. முழங்காலைக் கையால் தூக்கிப் பின்படியில் வைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மலையேறினாள்.